பழையதைப் போட்டுப் புதியது எடுக்கிறவர்களுக்கும் ஒரு சீட்டு கொடுங்கள்

தமிழ்நாட்டின் தங்க நகை வியாபாரிகள் சங்க நிர்வாகிகளுக்கும் நகைக்கடை உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கைக்காக இந்த மடலை எழுதுகிறேன். வாடிக்கையாளர் பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுக்கும்போது, எங்களிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளும் அந்தப் பழைய நகைக்கும் முறையான சீட்டு ஒன்று எழுதிக் கொடுங்கள். அதை உருக்குவதற்கு முன்னால் கொடுங்கள்.

மதுரையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், நகை மாற்றப் போகும்போது என்னையும் துணைக்குக் கூப்பிடுவார்கள். கணக்கு வேகமாகப் போடுவேன், கவுன்ட்டரில் கூச்சப்படாமல் கேள்வி கேட்பேன் என்பதுதான் காரணம். அப்படிப் பல கடைகள் ஏறி இறங்கியதில் நான் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். உங்களை எதிரிகளாக நினைத்து எழுதவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்தாலும் பெண்ணுக்கு நிச்சயம் ஆனாலும் முதலில் உங்கள் கடைப்படி ஏறுகிறோம். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

நம் ஊரில் நகையை விற்கிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விற்பது கஷ்டகாலத்தின் அடையாளம். மாற்றுவது அப்படியில்லை, அது வளர்ச்சி. அறுந்த செயின், ஜோடி தொலைந்த ஒற்றைத் தோடு, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன மோதிரம், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, கையில் இருக்கும் சேமிப்பையும் கூட்டி, மூன்று சவரனை ஐந்து சவரனாக்கிக்கொண்டு வருவார்கள். சீட்டுக் கட்டி, தீபாவளி போனஸை ஒதுக்கி, ஆடி முடிந்து ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்து வருகிற பெண்கள் இவர்கள். இருப்பதை விட மதிப்பான ஒன்றோடு வீடு திரும்புகிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு. அந்த நினைப்பு எவ்வளவு தூரம் நிஜம் என்பதை அவர்களே சரிபார்க்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஒருவர் 40 கிராம், அதாவது ஐந்து சவரன், பழைய ஆரம் ஒன்றைப் போட்டு அதே 40 கிராமில் புது ஆரம் எடுக்கிறார். பழையதில் கல், அரக்கு, நூல் என்று 2 கிராம் போகிறது. மீதி 38. உருக்கினால் 37.6 கிராம் கட்டி வருகிறது. அதைச் சோதித்தால் 88 டச், அதாவது நூற்றுக்கு 88 பங்கு தங்கம், என்கிறார்கள். 22 காரட்டுக்குரிய 91.6 தரத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால் 36.12 கிராம். அதன் மதிப்பு 3,61,200 ரூபாய். அதில் பழைய நகைக் கழிவு என்று 2 சதவீதம் பிடித்தால் 3,53,976. புது ஆரத்துக்குச் சேதாரம் 14 சதவீதம் என்றால் 5.6 கிராம் கூடும். ஆக 45.6 கிராமுக்கு 4,56,000. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 13,680. மொத்தம் 4,69,680. பழையதன் மதிப்பைக் கழித்தால், கையிலிருந்து கட்ட வேண்டியது 1,15,704 ரூபாய்.

ஐந்து சவரனைப் போட்டு ஐந்து சவரன் எடுக்க ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு மேல்! பணத்தைக் கட்டும் பெண்ணுக்கு இது எங்கே போனது என்று தெரியாது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்பார், பதில் இருக்காது. நான் பிரித்துப் பார்த்தேன். சேதாரம் 56,000. எடையிலும் தரத்திலும் குறைந்தது 38,800. வரி 13,680. பழைய நகைக் கழிவு 7,224. இதில் வரி உங்கள் கையில் இல்லை. பழையதற்கான தொகையைக் கழிக்காமல் புது நகையின் முழு மதிப்புக்கும் அது விழுகிறது. அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. சேதாரத்தைப் பேரம் பேசலாம், எங்கள் பெண்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த 38,800 ரூபாயைப் பற்றி யாரும் பேரம் பேசுவதில்லை. அது தராசும் மெஷினும் சொல்வது, அதில் நமக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த மடல் முழுக்க அந்தப் பகுதியைப் பற்றியதுதான்.

பழைய நகையில் தரம் குறைவாக இருப்பது உண்மை. அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கையால் செய்த அந்தக் கால நகைகளில் ஒவ்வொரு வளையத்தையும் பற்றவைக்கும் உலோகப் பொடி வைத்து ஊதித்தான் ஒட்டினார்கள். அந்தப் பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். சுத்தமான 22 காரட் தகட்டில் செய்திருந்தாலும், மொத்தமாக உருக்கும்போது பொடியும் சேர்ந்து உருகித் தரம் இறங்கிவிடும். ஒட்டு அதிகமுள்ள வேலைப்பாட்டு நகையில் இன்னும் இறங்கும். பிறகு காட்மியம் கலந்த பற்று வைத்து கேடிஎம் நகை வந்தது. சூட்டில் காட்மியம் ஆவியாகிப் போவதால் தரம் பெரிதாக இறங்காது. ஆனால் அந்தப் புகை பட்டறையில் உட்கார்ந்து ஊதிய ஆசாரிகளின் நுரையீரலுக்குள் போனது. 1963-ல் வந்த தங்கக் கட்டுப்பாடு 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று சொன்ன காலமும் உண்டு. அந்த உச்சவரம்பு சில ஆண்டுகளில் போய்விட்டது. 1968-ல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டமே 1990-ல் ரத்தானது. தங்கத்துக்கு ஹால்மார்க் 2000-ல்தான் தொடங்கியது, அதுவும் விருப்பமிருந்தால் மட்டும். ஆகவே பாட்டியின் நகை, அம்மாவின் நகை என்று வருவது எந்தத் தரத்திலும் இருக்கலாம்.

என் கேள்வி தரம் ஏன் குறைந்தது என்பதல்ல. எவ்வளவு குறைந்தது என்பதை எங்களுக்கு எழுத்தில் ஏன் சொல்வதில்லை என்பதுதான்.

நீங்கள் விற்கும்போது நிலைமை வேறு. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் கட்டாயம் ஆனது, முதலில் 256 மாவட்டங்களில். 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட, ஹெச்யூஐடி என்கிற தனி அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் நடத்தும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், எந்த மையத்தில் சோதித்தார்கள், என்ன தரம் என்று வந்துவிடுகிறது. ஹால்மார்க் நகைக்கான பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். முத்திரையில் சொன்னதை விடத் தரம் குறைந்திருந்தால், குறைந்த அளவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாடிக்கையாளருக்கு உண்டு என்று 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. இவ்வளவு பாதுகாப்பும் எங்களுக்கு வரும் நகைக்கு இருக்கிறது. எங்களிடமிருந்து போகும் நகைக்கோ, பெரும்பாலும் பில்லின் அடியில் "பழைய தங்கம்" என்று ஒற்றை வரி. அதற்கு நேரே ஒரு தொகை. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்காவோடு ஒரு கடைக்குப் போனதைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஒரு கடையின் கதை மட்டும் அல்ல. அவருடைய பாட்டி போட்டிருந்த கெம்புக்கல் அட்டிகை. பின்பக்கம் முழுக்க அரக்கு அடைத்து, கழுத்தில் படும் இடமெல்லாம் தேய்ந்து வழவழப்பாகிப் போன பழைய வேலை. கவுன்ட்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். எடை போட்டான், எண்ணை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். தரம் காட்டும் மெஷினான கேரட் மீட்டரில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தான். "கல் வச்ச நகை மேடம், உருக்கினாத்தான் சரியாத் தெரியும்" என்றான். அக்கா தலையாட்டினார். அட்டிகையைத் தட்டில் வைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் வழியாக ஒருவருடைய முதுகும் தோளும்தான் தெரிந்தன. இடுக்கியால் நெம்பி நெம்பிக் கல்லைக் கழற்றுகிறார் என்பது தோள் அசைவில் தெரிந்தது. அப்புறம் கேஸ் அடுப்பின் நீலத் தீ, அரக்குப் பொசுங்கும் வாடை. கொஞ்ச நேரத்தில் சுண்டு விரல் நீளத்தில் ஒரு கட்டி வந்தது. இன்னும் சூடு ஆறவில்லை, ஓரத்தில், உருக்கும்போது போடும் வெங்காரம் கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது. எடை போட்டதும் அக்கா முகம் மாறிவிட்டது. அவர் மனதில் வைத்திருந்த எடைக்கும் இதற்கும் ஒரு சவரனுக்கு மேல் வித்தியாசம். "கல்லு எவ்வளவு எடை வந்துச்சு?" என்று நான் கேட்டேன். தனியாகப் போட்டுப் பார்க்கவில்லை என்றான். "அரக்கு?" அது எரிந்து போச்சு. "கல்லு எங்கே?" உள்ளே போய் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்தான். பாதிக் கல் உடைந்திருந்தது. அக்கா, "வேண்டாம் தம்பி, நகையைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார். திருப்பிக் கொடுக்க நகை எங்கே இருக்கிறது?

அந்தக் கடை ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். கெம்புக் கல் கனமானது, பழைய அட்டிகையில் அரக்கும் கணிசமாக இருக்கும். அந்த வித்தியாசம் முழுக்க நியாயமாகவே இருக்கலாம். நியாயம் என்று நிரூபிக்க அவர்களிடம் எதுவும் இல்லை, இல்லை என்று சொல்ல எங்களிடமும் எதுவும் இல்லை. அக்கா இன்றைக்கும் அந்தக் கடையைப் பற்றி நாலு பேரிடம் குறையாகத்தான் பேசுகிறார். ஒரு சீட்டு இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. நேர்மையாகத் தொழில் செய்கிற கடைக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம். தங்க அடகுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகள் கொண்டு வந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் அவற்றைப் பின்பற்றியாக வேண்டும் என்று கெடுவும் வைத்தது. அதன்படி, நகையைச் சோதிக்கும்போது கடன் வாங்குபவர் எதிரில் இருக்க வேண்டும். கல்லுக்கும் கொக்கி, திருகாணிக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று விளக்க வேண்டும். தரம், மொத்த எடை, நிகர எடை, கழிவு, மதிப்பு எல்லாம் எழுதி, நகையின் படத்தோடு ஒரு சான்று கொடுக்க வேண்டும். அடகு வைத்த நகையாவது கடனையும் வட்டியையும் கட்டினால் மீண்டு வரும். அதற்கே இவ்வளவு ஏற்பாடு. மாற்றிய நகை திரும்ப வரவே வராது. உருக்கிய பிறகு அது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு போட்டோகூட மிஞ்சாது. அதற்கு ஏன் இதில் பாதியாவது இருக்கக் கூடாது? அரசு சட்டம் போடும் வரை காத்திருக்காமல் சங்கமாக நீங்களே முடிவெடுத்தால் அதன் மரியாதையே தனி.

சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று நான் யோசித்ததைச் சொல்கிறேன். நகையை வாங்கியதும் இருந்தபடியே எடை, ஒரு போட்டோ. பிறகு உருக்குவதற்கு முன்னால் கல்லையும் நூலையும் முடிந்தவரை எங்கள் கண்ணெதிரே கழற்றித் தனியாக எடை போட்டு எழுதுங்கள். கல் எங்களுடையது, கேட்காமலே கையில் கொடுங்கள். உங்களுக்கு அது குப்பை, எங்கள் வீட்டில் அதை எடுத்து இன்னொரு பதக்கத்தில் வைக்க ஆசைப்படுகிற பேத்தி இருக்கிறாள். கேரட் மீட்டர் மேல்பரப்பைத்தான் படிக்கும், உள்ளே இருப்பதை அது சொல்லாது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமல் தகடு, ஒட்டு, கொக்கி என்று சில இடங்களில் பார்த்து வந்த எண்களை எழுதுங்கள். அன்றைய விற்பனை விலை என்ன, நீங்கள் எடுத்துக்கொள்ளும் விலை என்ன, கழிவு எத்தனை சதவீதம் என்பதும் அதிலேயே வரட்டும். கடை வாசல் பலகையில் நீங்கள் விற்கும் விலை மட்டும் மின்னுகிறது. வாங்கும் விலையையும் பக்கத்திலேயே போட்டால் பாதிச் சந்தேகம் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, உருக்கினால் தோராயமாக இந்த எடையிலிருந்து இந்த எடைக்குள் வரும் என்று உங்கள் அனுபவத்தில் ஒரு மதிப்பு சொல்லுங்கள். எத்தனை ஆயிரம் நகை பார்த்த கண் உங்களுடையது. சொல்ல முடியாது என்று சொன்னால் நம்ப மாட்டேன். அதைப் பார்த்துவிட்டு, உருக்கலாம் என்று நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். உருக்கிய பின் கட்டியின் எடையும் தரமும் அதே சீட்டில் ஏற வேண்டும். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை என்றால், உருக்கியதற்கு ஒரு கூலி வாங்கிக்கொண்டு கட்டியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கூலி எவ்வளவு என்பதும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இப்போது சில கடைகளில் கட்டியைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் தங்கத்தை நாங்கள் கேட்பதில் சங்கடப்பட என்ன இருக்கிறது?

புது நகையின் சேதாரமும் அந்தச் சீட்டிலேயே இருக்கட்டும், பழைய நகையை எடை போடும் முன்பே. "பழைய நகைக்குக் கழிவே இல்லை" என்று பேனர் பார்த்து உள்ளே போனால், நேற்று ரொக்கத்துக்கு 12 சதவீதம் சொன்ன வளையலுக்கு இன்று 16 சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்குகிற இந்த வழக்கத்தை உங்களில் நல்லவர்களே வெறுக்கிறார்கள். ஒரு முதியவர், சின்னக் கடைக்காரர், என்னிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். பெரிய கடை பேனர் வைத்ததும் தன் வாடிக்கையாளர்கள் அங்கே போய்விட்டார்களாம். கழிவு உண்டு என்று உண்மையைச் சொன்ன தன் கடை காலியாக இருக்கிறதாம்.

அதனால்தான் தனிக் கடைகளிடம் கேட்காமல் சங்கங்களிடம் கேட்கிறேன். ஒரு கடை மட்டும் சீட்டு கொடுத்தால், எதிர்க் கடை "நம்மகிட்ட இந்த வேலையெல்லாம் கிடையாது, உடனே முடிச்சுடலாம்" என்று ஆளை இழுத்துவிடும். எல்லாருக்கும் ஒரே படிவம் என்றால் அந்தப் போட்டி இருக்காது. சென்னையில் முடிவு செய்யும் விலை காலையும் மாலையும் கன்னியாகுமரி வரைக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு படிவம் போய்ச் சேராதா?

நேரம் பிடிக்கும் என்பீர்கள். கல்யாண சீசனில் கூட்டம் நெருக்கும், தெரியும். ஆனால் எடை போடுவதும் மெஷினில் வைப்பதும் இப்போதே நடப்பதுதான். எழுதுவது மட்டும்தான் கூடுதல் வேலை. திருட்டு நகை வந்தால் போலீஸ் உங்களைத்தான் முதலில் தேடி வருகிறது. கொண்டு வந்தவர் யார், நகை எப்படி இருந்தது என்று போட்டோவோடு ஒரு சீட்டு இருந்தால் உங்களுக்கும் அது காவல். உள்ளே செம்புக் கம்பி வைத்து மேலே தங்கத் தகடு சுற்றிக் கொண்டு வருகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களால் நீங்கள் பட்ட அடி எனக்குத் தெரியும். உருக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முன்னால் எழுதிவிட்டு உருக்குங்கள் என்கிறேன்.

இதற்கிடையில் இன்றே, ஒரு பைசா செலவில்லாமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முத்திரை இல்லாத பழைய நகையை, பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களே நேரில் கொடுத்துத் தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று 2022-ல் வழி செய்தார்கள். நான்கு நகை வரைக்கும் 200 ரூபாய் கட்டணம் என்று அப்போது அறிவித்தார்கள். எங்கள் தெருவில் இதைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நகை மாற்ற வருவதற்கு முன்னால் அங்கே போய்த் தரம் பார்த்து வாருங்கள் என்று உங்கள் கடைச் சுவரில் ஒரு பலகை வையுங்கள், பக்கத்திலிருக்கும் மையத்தின் முகவரியோடு. அப்படி ஒரு பலகை வைத்த கடைக்கு நான் கூட்டிக்கொண்டு போகிற ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டி வருவேன்.

மேலே சொன்னவற்றை வைத்து ஒரு பக்கத்தில் அடங்கும் மாதிரிப் படிவம் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறேன். கேட்கும் சங்கத்துக்கு அனுப்பி வைக்கிறேன். அதில் சேர்க்க வேண்டியது, நீக்க வேண்டியது எது என்று தொழில் தெரிந்த நீங்கள் சொல்லுங்கள். கல் நகைக்கும் கல் இல்லாத நகைக்கும் தனித்தனிப் படிவம் வேண்டுமா என்பதில் எனக்கே தெளிவில்லை. வைரம் பதித்த நகைக்கு நிச்சயம் வேறு வேண்டும், அங்கே கல்லின் மதிப்பே தனிக் கணக்கு. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வருகின்றன. அதற்கு முன்னால் உங்கள் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, முடிவு எதுவானாலும் வெளியில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
மதுரை.